விவாதங்களை ஆர்எஸ்எஸ் வழியாகப் பின்தொடர்வது: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரியவரும் குறை நிறைகள்

ஆர்எஸ்எஸ் என்பது ஒரு தளத்தில் புதிதாக வருபவற்றை ஃபீட் என்ற பட்டியலாக வெளியிடும் முறை. அந்தப் பட்டியலை அவ்வப்போது எடுத்து நமக்குக் காட்டும் மென்பொருள்தான் ரீடர். புதிய இழைகள் (ஒரு தலைப்பில் தொடரும் விவாதங்கள்) கண்ணில் படாமல் போகக்கூடாது என்பதற்கு ஆர்எஸ்எஸ்ஸை விட நல்ல வழி இன்னும் வரவில்லை. ஆனால் சூடுபிடித்து ஓடும் ஒரு விவாதத்தை மறுமொழி விடாமல் படிக்க அதை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். இந்த வித்தியாசம் முதல் சில வாரங்களில் தெரியாது, ஏனென்றால் விடுபட்ட பதிவு விடுபட்டதாக எந்த ரீடரும் சொல்வதில்லை.

காரணம் எளிது. ஃபீடில் எப்போதும் கடைசியாக வந்த சில பதிவுகள் மட்டுமே இருக்கும். ரெடிட்டில் வழக்கமாக 25, வேர்ட்பிரஸ்ஸில் மாற்றாமல் விட்டால் 10. பிஎச்பிபிபி போன்ற விவாதமேடை மென்பொருள்களில் தள நிர்வாகி வைத்ததுதான் கணக்கு. 15 பதிவுகள் கொண்ட ஒரு ஃபீடை ரீடர் மணிக்கு ஒருமுறை எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு மணி நேரத்தில் 40 மறுமொழிகள் வந்தால் 25 போனது போனதுதான். பிழைச்செய்தி கிடையாது, வரிசையில் இடைவெளியும் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: ஒரு முறை எடுத்ததில் ஃபீடில் உள்ள எல்லாப் பதிவுகளுமே புதியவையாக இருந்தால், நடுவில் சில தவறியிருக்க நிறைய வாய்ப்பு. பழைய பதிவு ஒன்றாவது சேர்ந்து வந்தால் சங்கிலி அறவில்லை என்று நம்பலாம்.

எனவே புதுப்பிக்கும் இடைவெளியைக் கணக்குப் போட்டுத்தான் வைக்க வேண்டும். ஃபீடின் கொள்ளளவை, கூட்டமான நேரத்தில் மணிக்கு வரும் பதிவுகளால் வகுத்து, கிடைக்கும் விடையில் பாதியை எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. 25 பதிவு ஃபீட், மணிக்கு 50 மறுமொழி என்றால் அரை மணியில் எல்லாம் உருண்டுவிடும். இடைவெளி 15 நிமிடம். மினிஃபிளக்ஸ் என்ற ரீடரில் முன்னிருப்பு 60 நிமிடம், அமைதியான இழைகளுக்கு அது தாராளம். தண்டர்பேர்ட் மாதிரி கணினியில் ஓடும் ரீடர்களுக்கு இன்னொரு தொல்லை: மூடிவைத்திருக்கும் நேரம் முழுக்க எதையும் எடுக்காது. விவாதங்களுக்கு என்றால் சர்வரில் எப்போதும் ஓடும் மினிஃபிளக்ஸ், ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ் போன்றவையோ, ஃபீட்லி, இனோரீடர் போன்ற சேவைகளோதான் சரி.

அதற்காக எல்லாவற்றையும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை இழுக்கவும் கூடாது. மாற்றம் இல்லாதபோது 304 என்று சுருக்கமாகப் பதில் தரும் ஏற்பாடு பல சர்வர்களில் இருக்கிறது, எல்லாவற்றிலும் இல்லை. அளவு மீறினால் ‘கோரிக்கைகள் அதிகம்’ என்று சொல்லும் 429 பிழை வரும், பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே வராது. ரெடிட் இதில் கறார். பல உட்பிரிவுகளைக் கூட்டல் குறியால் இணைத்து ஒரே முகவரியாக்கினால் கோரிக்கைகள் குறையும். ஆனால் அந்த 25 இடங்களையும் எல்லாப் பிரிவுகளும் பங்கிட்டுக்கொள்ளும், சத்தமான பிரிவு அமைதியானதை வெளியே தள்ளிவிடும். அமைதியானவற்றை மட்டும் ஒன்றாகக் கட்டுவது நல்லது.

முகவரி தேடுவது பெரிய வேலையில்லை. டிஸ்கோர்ஸ் என்ற விவாதமேடை மென்பொருளில் ஓடும் தளங்களில் இழையின் முகவரிக்குப் பின் ஒரு புள்ளியும் ஆர்எஸ்எஸ் என்பதன் மூன்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் சேர்த்தால் அந்த இழையின் மறுமொழிகள் வரும். அதே தளத்தின் ‘அண்மையவை’ ஃபீடுக்குச் சந்தா செய்துவிட்டு மறுமொழிகள் வரவில்லையே என்று காத்திருப்பவர்கள் ஏராளம். அதில் வருவது இழைகளின் முதல் பதிவு மட்டுமே. ஸ்டேக் ஓவர்ஃப்ளோவில் கேள்விப் பக்கத்தின் அடியிலேயே அந்தக் கேள்விக்கான ஃபீட் இணைப்பு இருக்கும். உலாவியை நம்ப வேண்டாம்: 2018 டிசம்பரில் வந்த 64ஆம் பதிப்போடு ஃபயர்பாக்ஸும் தன் ஃபீட் வசதியை எடுத்துவிட்டது.

படிக்கும் வரிசையும் முக்கியம். புதியது மேலே என்பது செய்திக்குப் பொருந்தும். விவாதத்தில் பதிலை முதலில் படித்துக் கேள்வியைப் பிறகு படிக்க வேண்டியதாகிறது. இழைகளுக்குத் தனிப் பிரிவு வைத்து, அதில் மட்டும் பழையது மேலே என்று அமைத்தால் தலைவலி குறையும். யார் யாருக்குப் பதில் சொன்னார் என்ற கிளை அமைப்பு எப்படியும் தட்டையாகிவிடும். திருத்தங்களும் சிக்கல்தான்: ரீடர் ஒவ்வொரு பதிவையும் அதன் அடையாளக் குறியால்தான் அறிகிறது. குறி மாறாமல் உள்ளடக்கம் மட்டும் மாறினால் பல ரீடர்கள் பழையதையே காட்டும். தளத்தில் நீக்கப்பட்ட பதிவு ரீடரில் அப்படியே கிடக்கும். மேற்கோள் காட்டும்முன் மூல இழையைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

தமிழ் விவாதங்களில் குறிப்பிட்ட சொல் உள்ள பதிவுகளைப் பிரித்தெடுக்க வடிகட்டி போடுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று. ‘மின்கலம்’ என்று கொடுத்தால் ‘மின்கலத்தை’ சிக்காது. ‘மின்கல’ என்று நிறுத்த வேண்டும். ஒகர ஓகாரத் துணைக்குறிகள் யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டு குறிகளின் சேர்க்கையாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், வடிகட்டிக்கு வேறு வேறு. இரண்டு வடிவத்தையும் கொடுப்பது உத்தமம். மினிஃபிளக்ஸின் ரெஜெக்ஸில் (சொல் வடிவங்களைத் தேடும் குறிமுறை) சொல் எல்லைக் குறி தமிழ் எழுத்துகளை எழுத்தாகவே மதிக்காது, அதைப் பயன்படுத்தாமல் விடலாம்.

ஒரு ஃபீட் திடீரென அமைதியானால் விவாதம் ஓய்ந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. யாரோ ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டுப்பாட்டு எழுத்தால் ஃபீட் எழுதப்படும் எக்ஸ்எம்எல் வடிவம் உடைந்திருக்கலாம். ரோபோக்களைத் தடுக்கும் பக்கம் குறுக்கே வந்து ‘அனுமதி இல்லை’ என்ற 403 பிழையைக் கொடுத்திருக்கலாம். மினிஃபிளக்ஸ் தொடர்ந்து 3 முறை பிழை கண்டால் அந்த ஃபீடைத் தானாக எடுப்பதையே நிறுத்திவிடும். கையால் புதுப்பித்தால்தான் மறுபடி உயிர்வரும். மாதம் ஒருமுறை பிழைப் பட்டியலைப் பார்த்து, கூடவே 30 நாளாக அசையாத இழைகளையும் களைந்துவிடலாம்.

2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடர் மூடப்பட்டபோது பலருக்குக் கைகொடுத்தது சந்தாப் பட்டியலை வேறு ரீடருக்கு எடுத்துச்செல்ல உதவும் ஓபிஎம்எல் கோப்பு. அதில் முகவரிகளும் பிரிவுகளும் இருக்கும். படித்தவை எவை என்ற கணக்கு இருக்காது, வடிகட்டிகளும் பொதுவாக வராது. உறுப்பினர்களுக்கு மட்டுமான பகுதிகளுக்குச் சில தளங்கள் ரகசியக் குறி சேர்ந்த முகவரி தரும். அந்த முகவரியே கடவுச்சொல் மாதிரி. ஓபிஎம்எல்லை யாருக்காவது அனுப்பினால் அதுவும் கூடவே போய்விடும் என்பதால், பகிரும் பிரதியிலிருந்து அந்த வரிகளை முதலில் நீக்க வேண்டும். நாமே பேசிக்கொண்டிருக்கும் இழைக்கு மட்டும் தளத்தின் மின்னஞ்சல் அறிவிப்பை விட்டுவைப்பது மேல். பெயர் சொல்லி அழைத்தாலும் ஃபீடுக்கு அது மற்றுமொரு பதிவுதான்.