கணினி அடிப்படை: வகுப்பில் படிப்பதா, வீடியோ பார்த்துப் பழகுவதா?

வேர்ட் (எழுத), எக்செல் (கணக்குப் போட), பவர்பாயிண்ட் (படவில்லைகள் தயாரிக்க) மூன்றையும் கல்லூரியில் அறிமுகப் பாடமாக எடுக்கலாம். வீடியோ பார்த்து நாமே பழகவும் செய்யலாம். செலவு, நேரம் என்று பார்த்தால் வீடியோதான் லேசு. புரியாத இடத்தில் நிறுத்தித் திரும்பப் பார்க்கலாம்.

இருந்தாலும் எக்செலுக்கு வகுப்பில் சேருங்கள் என்றே சொல்வேன். வீடியோவில் நமக்குத் தெரிந்த கேள்வியைத்தான் தேடுவோம். தெரியாததை எப்படித் தேடுவது? உதாரணமாக, எக்செலில் ஒரு கட்டத்தில் போட்ட சூத்திரத்தைக் கீழுள்ள கட்டங்களுக்கு இழுத்தால் அதிலுள்ள பி1 (பி நெடுவரிசையின் முதல் கட்டம்) என்பது பி2, பி3 என்று மாறிக்கொண்டே போகும். வரி விகிதம் பி1-இல் மட்டும் இருந்தால் கணக்கு முழுதும் தப்பு. சூத்திரத்தில் பி1-ஐத் தேர்ந்தெடுத்து எஃப்4 விசையை அழுத்தி டாலர் குறி ($B$1) போட்டால் அது அங்கேயே நிற்கும். கணினி ஆய்வகத்தில் பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் இதை ஒரே நிமிடத்தில் காட்டிவிடுவார். வேர்டிலும் அப்படித்தான். தலைப்புகளை ஒவ்வொன்றாகத் தடிமனாக்கிக்கொண்டிருப்பவருக்கு, ஹெடிங் ஸ்டைல் (தலைப்புக்கென்றே உள்ள தயார் வடிவம்) வைத்தால் பொருளடக்கத்தை வேர்டே தயாரித்துத் தரும் என்பது தெரிந்திருக்காது.

பவர்பாயிண்டுக்கு வீடியோவே போதும்.

அப்புறம் ஒன்று: வகுப்பு பெரும்பாலும் மவுஸ் பிடிப்பதில் தொடங்கும். ஏற்கெனவே பழகியவருக்கு அந்த முதல் சில நாட்கள் சலிப்பாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் தட்டச்சு பழகிக்கொள்ளலாம்.