மண்டியா, வாரச்சந்தையா, உழவர் சந்தையா? மிஞ்சுகிற காயை வைத்து ஒரு கணக்கு

தமிழ்நாட்டில் காய்கறி போடும் சிறு விவசாயிக்கு விற்க நாலு வழி இருக்கிறது: கமிஷன் மண்டி, வாரச்சந்தை, உழவர் சந்தை, பெரிய ஊர்களில் விடுமுறை நாளில் கூடும் இயற்கைச் சந்தை. எங்கே விலை அதிகம் என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. அன்றைக்கு விற்காமல் மிஞ்சுகிற காய் எங்கே போகும் என்பதை முதலில் கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வெண்டைக்காயை இன்று பறிக்காமல் விட்டால் முற்றிவிடும். பறித்து விற்காமல் திரும்பக் கொண்டுவந்தால் வாடிவிடும். விலைப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும், திரும்பி வந்த கூடைக்குக் காசு கிடையாது.

மண்டியின் பலமே இதுதான். அங்கே மிச்சம் என்ற பேச்சே இல்லை. ஒட்டன்சத்திரம் மாதிரி பெரிய காய்கறிச் சந்தைக்கு எத்தனை மூட்டை கொண்டுபோனாலும் இறக்கிவிட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு காலையிலேயே தோட்டத்துக்குத் திரும்பிவிடலாம். தண்ணீர் பாய்ச்சுகிற வேலை நிற்காது. ஆனால் அந்தச் சீட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். நூற்றுக்குப் பத்து கமிஷன் என்பது பல இடங்களில் வழக்கம். அதற்குக் கீழே இறக்கு கூலி, சில கடைகளில் கழிவு என்று எடையிலும் ஒரு பிடித்தம். விலை நம் கையில் இல்லை. கேரளாவுக்குப் போகிற லாரி குறைந்தால் அன்றே ஒட்டன்சத்திரத்தில் விலை இறங்கிவிடும். விதைக்கும் உரத்துக்கும் அதே கடைக்காரரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் வேறு கடைக்குப் போகவும் வாய் வராது. மண்டியில் எனக்குப் பிடிக்காதது கமிஷனைவிட இந்தக் கட்டுதான்.

விவசாயியே நேரடியாக உட்கார்ந்து விற்க அரசு நடத்துகிற உழவர் சந்தை இதற்கு மாற்றாக வந்தது. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தையை அன்றைய முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். பஞ்சாபின் அப்னி மண்டியும் ஆந்திராவின் ரயத்து பஜாரும் அதற்கு முன்மாதிரிகள். 2001இல் ஆட்சி மாறியதும் பல இடங்களில் களையிழந்து, 2006க்குப் பிறகு மறுபடி உயிர்பெற்றது. இங்கே கமிஷன் இல்லை, கடை வாடகை இல்லை, தராசும் சந்தை நிர்வாகமே தருகிறது. தினமும் காலையில் விலை நிர்ணயித்துப் பலகையில் எழுதிவிடுவார்கள். மொத்த விலையைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதல், வெளியே சில்லறைக் கடை விலையைவிட 15 சதவீதம் குறைவு என்பது அந்த விலைக்கான கணக்கு.

கேட்க நன்றாக இருக்கிறது. சரி, ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ கத்தரிக்காய், மண்டி விலை கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மண்டியில் 1,200 ரூபாய், கமிஷன் 120, இறக்கு கூலி 30 போனால் கையில் 1,050. உழவர் சந்தையில் கிலோ 24 ரூபாய். பக்கத்துக் கடைகளிலும் கத்தரிக்காயே குவிந்திருந்தால் 45 கிலோ விற்கும், 1,080 ரூபாய். மிச்சம் 15 கிலோவைக் கிளம்புகிற நேரத்தில் ஓட்டல்காரர் கிலோ 10 ரூபாய்க்குக் கேட்டால் 150. மொத்தம் 1,230. வண்டிக் கூலி இரண்டுக்கும் ஒன்றே என்று எடுத்துக்கொண்டால் வித்தியாசம் 180 ரூபாய். அதற்காக ஒரு ஆள் விடிகாலையில் எழுந்துபோய் முற்பகல் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். தோட்டத்தில் அந்த நேரத்துக்கு ஆள் வைத்தால் கொடுக்கும் கூலிக்கே இது காணாது.

அதே 60 கிலோவைக் கத்தரி, வெண்டை, புடலை, அவரை, கீரை என்று பிரித்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் 10, 12 கிலோதான். வாங்க வருகிறவர் ஒரே கடையில் நாலு காய் எடுத்துக்கொண்டு போய்விடுவார், கடையும் சீக்கிரம் காலியாகும். உழவர் சந்தையில் ஜெயிக்கிறவர்கள் பெரும்பாலும் அரை ஏக்கரில் பல காய் போடுகிற குடும்பங்கள். கணவர் தோட்டத்தில் இருக்க, மனைவி கடையில் உட்காருவார். ஒரே காயை இரண்டு ஏக்கரில் போட்டுவிட்டு உழவர் சந்தையை நம்பினால் சிரமம்.

உழவர் சந்தையில் கடை போட அடையாள அட்டை வேண்டும். அதற்கு நிலத்தின் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். கிராம நிர்வாக அலுவலர் சான்று, தோட்டக்கலைத் துறையினரின் ஆய்வு எல்லாம் உண்டு. கடையில் உட்காரப்போவது யாரோ அவர் பெயரையும் அப்போதே கேட்டுச் சேர்த்துக்கொள்வது நல்லது. குத்தகைக்குப் பயிரிடுகிறவர்களுக்கு இந்தக் காகிதங்கள்தான் பெரிய தடை. இன்னொரு பக்கம், அட்டையை வைத்துக்கொண்டு மண்டிக் காயை வாங்கி விற்கிறவர்களும் உள்ளே வந்துவிடுகிறார்கள் என்பது பல ஊர்களில் கேட்கிற புகார். அவர்கள் கடையில் உருளைக்கிழங்கும் கேரட்டும் பளபளவென்று அடுக்கியிருக்கும். சமவெளியில் யார் தோட்டத்தில் கேரட் விளைகிறது என்று கேட்டால் பதில் வராது.

வாரச்சந்தை வேறு உலகம். அட்டை வேண்டாம், சிட்டா வேண்டாம், சாக்கை விரித்தால் கடை. உள்ளாட்சி அமைப்பு ஏலம் விட்டிருக்கும், குத்தகைதாரரின் ஆள் வந்து சுங்கம் வாங்குவார். ரசீது கேட்டு வாங்குங்கள். நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அதுதான் வழி. தக்காளியையும் மிளகாயையும் கூறு கட்டி வைத்தால் தராசுக்கே வேலை குறைவு. சின்னதும் கோணலுமாக இருக்கிற காயும் கூறில் போய்விடும். மண்டியில் கழிவுக்குப் போகிற காய் இங்கே காசாகிறது, மிச்சக் கணக்கில் இது பெரிய விஷயம். விலை பேசுவதும் நம் சாமர்த்தியம். கறிவேப்பிலை, கொத்தமல்லி கொசுறு போடாமல் யாரும் நகரமாட்டார்கள், அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். பொழுது சாயச் சாய விலை விழும். சந்தை கலைகிற நேரத்துக்காகவே காத்திருந்து வாங்குகிறவர்கள் உண்டு. மழை பிடித்தால் அன்றைய வியாபாரம் போச்சு. வாரம் ஒரு நாள்தான் கூடும் என்பது இன்னொரு சிக்கல். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிற வெண்டைக்கு மற்ற நாட்களில் வேறு வாசல் வேண்டும். சுற்று வட்டாரத்தில் வெவ்வேறு கிழமைகளில் கூடும் மூன்று சந்தைகளைப் பிடித்துக்கொண்டால் ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் அப்போது நாம் பாதி வியாபாரி ஆகிவிடுகிறோம். எல்லோருக்கும் அது ஒத்துவராது.

இயற்கைச் சந்தையைப் பற்றி நாலு வார்த்தை போதும். விலை நன்றாகக் கிடைக்கும், அளவு குறைவு, வாங்குகிறவர்கள் கேள்வி கேட்பார்கள். என்.பி.ஓ.பி. (வெளி நிறுவனம் சோதித்துத் தருவது) அல்லது பி.ஜி.எஸ். (விவசாயிகள் குழுவே ஒருவரையொருவர் சோதித்துத் தருவது) என்ற இயற்கை விவசாயச் சான்று இருந்தால் பேச்சு சுருங்கும். முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கிக்கொண்டு அந்த அளவுக்கே பறித்துக்கொண்டு போகிறவர்களுக்கு மட்டும் இது லாபம். சும்மா கொண்டுபோய் அடுக்கிவைத்தால் திரும்பி வருகிற கூடை கனமாகத்தான் இருக்கும்.

என்னைக் கேட்டால், ஒரே இடத்தைப் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. பல காய் போடும் சிறு தோட்டத்துக்கு உழவர் சந்தை முதல் வாசல். அங்கே எவ்வளவு விற்கும் என்று பிடிபட்ட பிறகு, அதற்கு மேல் பறிப்பதை நேரே மண்டிக்கு அனுப்பிவிடலாம், தரம் குறைந்ததை வாரச்சந்தைக் கூறுக்கு ஒதுக்கலாம். ஒரே பயிராக ஏக்கர் கணக்கில் போட்டவருக்கு மண்டிதான். முன்பணம் மட்டும் வாங்காமல் இருந்தால் இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு இறக்கலாம். நிலக்கடலை, பருத்தி, கொப்பரை மாதிரி காத்திருக்கக்கூடிய விளைச்சலுக்கு இந்தத் தலைவலியே இல்லை. அரசின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில், வியாபாரிகள் ஒருவர் விலை இன்னொருவருக்குத் தெரியாமல் கேட்கும் மறைமுக ஏலத்தில் வைக்கலாம், விலை பிடிக்காவிட்டால் கொடுக்காமல் இருக்கலாம்.

வாரச்சந்தைக்குச் சொந்தத் தராசு கொண்டுபோகிறவர்கள், எடை சரி என்று அரசு போடும் முத்திரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு வருடம் ஒருமுறை போட வேண்டும். காயோடு சேர்த்து ஊறுகாய், மாவு, எண்ணெய் என்று ஏதாவது செய்து விற்க நினைத்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். பறித்த காயை அப்படியே விற்கிற விவசாயிக்கு அந்தப் பதிவு தேவையில்லை.