போடோனியோடு ஆறு வருடம்

துணிக்கடை திறக்கப்போகும் நண்பன் நேற்று போனில் கேட்டான்: "லோகோவுக்கு போடோனி ஃபான்ட் வாங்கலாமாடா?" கேட்ட நேரம் சரியில்லை. நான் வடிவமைத்த ஐந்நூறு விசிட்டிங் கார்டை என் சொந்தக் காசில் மறுபடி அடிக்கக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தேன்.

கறுப்பு அட்டை, வெள்ளை எழுத்து, முகவரி போடோனியில், பொடி எழுத்தாக 7 பாயின்ட் அளவு. போடோனியில் தடித்த கோட்டை ஒட்டியே முடிபோல மெல்லிய கோடும் வரும். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது பட்டுப்போல இருந்தது. அச்சாகி வந்ததில் ஆங்கிலச் சின்ன 'ஈ'யின் நடுக்கோட்டைக் காணோம். எல்லா 'ஈ'யும் 'சீ' ஆகியிருந்தது. 'என்' எழுத்து இரண்டு குச்சியாக நின்றது. அச்சகத்தைத் திட்டிப் பயனில்லை. நாலு கலரை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்துக் கறுப்பு வரவைக்கும்போது, ஒரு கலரின் அச்சுப் பிளேட் இம்மி நகர்ந்தாலும் மை அந்த முடியளவு வெள்ளைக்குள் புகுந்து மூடிவிடும். அது தெரிந்தும் போடோனியை அங்கே விட்டது என் புத்தி.

ஆனால் பழியை முழுக்க நானே சுமக்கவும் மனசு வரவில்லை. இந்த எழுத்துக்குப் பெயர் தந்த ஜாம்பாட்டிஸ்டா போடோனி, இத்தாலியின் பார்மாவில் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாக உலோகத்தில் எழுத்து வெட்டினார்; சின்ன அளவில் மெல்லிய கோட்டுக்குக் கொஞ்சம் சதை வைத்தார். அவர் இறந்து ஐந்து வருடம் கழித்து, 1818-இல் மனைவி வெளியிட்ட மாதிரிப் புத்தகத்தில் அந்த எழுத்துகளை அளவு அளவாகப் பார்க்கலாம். நான் வாங்கிய பதிப்பில் இருப்பதோ தலைப்புக்கென்று வரைந்த ஒரே வரைவு; எழுத்தைச் சுருக்கினால் கோடும் கூடவே சுருங்கும். 1994-இல் வந்த ஐடிசி போடோனியில் 6, 12, 72 பாயின்டுக்கு என மூன்று வரைவு உண்டு. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் போடோனி மோடாவும் அளவுக்கேற்பக் கோட்டின் தடிமனை மாற்றிக்கொள்ளும். எல்லாம் தெரியும். கை பழகியதைத்தான் எடுக்கிறது.

சரி, இத்தனைக்கும் பிறகு ஏன் விடவில்லை? எண்களுக்காக. கல்யாணப் பத்திரிகையில் தேதியை மட்டும் 90 பாயின்டில் வைத்துப் பாருங்கள். 2-இன் தலையில் மைச்சொட்டு போல ஓர் உருண்டை; அங்கிருந்து முடிபோலக் கிளம்பும் கோடு, வளைவில் திடீரென்று வயிறு வைத்து, இறங்கும்போது மறுபடி இளைத்துவிடும். பக்கத்தில் வேறு அலங்காரமே வேண்டாம். பூ, பிள்ளையார் எல்லாவற்றையும் ஓரத்துக்குத் தள்ளிவிடுவேன். (கீழே தமிழ் வரி வந்தால்தான் தகராறு. பெரும்பாலான தமிழ் ஃபான்ட்கள் ஒரே தடிமன். ஒட்டி வைத்தால் இரண்டும் முறைத்துக்கொள்ளும். நடுவே தாராளமாக இடம் விட்டுச் சமாளிக்கிறேன்.)

நண்பனிடம் வாங்காதே என்றேன். "அப்போ டிடோ?" என்றான். அது பாரிஸ் பங்காளி, இதைவிட ஒல்லி. கடைப் பலகையில் ஜம்மென்று இருக்கும். சட்டைக் காலர் லேபிளில் அந்தக் கோட்டை எந்த நூலில் நெய்வாய் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான்.

கார்டு வியாழக்கிழமை வருகிறது. முகவரியைத் தடிமனான வேறு ஃபான்டுக்கு மாற்றிவிட்டேன். பெயரில் கை வைக்கவில்லை. 22 பாயின்ட், போடோனியேதான்.