வீட்டிலேயே கட்டிய கேன்வாஸ்: சில ஆடிக்காற்றுகளுக்குப் பிறகு

படம் வரையக் கற்றுக்கொடுக்க ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். மரச்சட்டத்தில் துணியை இழுத்து அடித்துக் கேன்வாஸ் கட்டுவதைப் பற்றித்தான் யாரும் வாயைத் திறப்பதில்லை. வரவேற்பறைக்கு மூன்றடிக்கு இரண்டடியில் ஒரு படம் வேண்டுமென்று போய், வெற்றுக் கேன்வாஸின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவள் நான். அதன் பிறகு நானே கட்டிக்கொள்கிறேன். வீடு கோவையில், மதுக்கரைப் பக்கம். வரைவதில் இன்னும் கற்றுக்குட்டிதான். ஆனால் கட்டியவை சுவரில் தொங்கிச் சில கோடைகளையும் ஆடிக்காற்றுகளையும் பார்த்துவிட்டன.

துணியில் நமக்குள்ள வசதி எல்லா ஊருக்கும் வாய்க்காது. சோமனூர், பல்லடம் விசைத்தறிகளில் காடா, அதாவது வெளுக்காத பருத்தித் துணி, ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆனால் எல்லாக் காடாவும் ஆகாது. நூலின் நம்பர் ஏற ஏற இழை மெலியும். 30-ஆம் நம்பரில் நெய்தது இழுத்துக் கட்டினால் பின்னால் இருக்கும் சட்டத்தையே காட்டிக்கொடுக்கும். 10-ஆம் நம்பரில் நெருக்கமாக நெய்த, பை தைக்கிற தடித்த துணியைக் கேளுங்கள். ஈரோடு கனி மார்க்கெட் பக்கம் நான் கேட்டபோது கடைக்காரர், “இது பைக்கு ஆகுமுங்க அம்மணி, படத்துக்கு ஆகுமா என்று நீங்கள்தான் வந்து சொல்ல வேண்டும்” என்றார். ஆகிறது. சுற்றிலும் மூன்று அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். துணியின் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் சட்டத்துக்கு இணையாக ஓட வேண்டும். கோணலாக வைத்தால் மூலையில் விழும் சுருக்கத்தை எந்தப் பெயின்டும் மறைக்காது.

மரத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவான ரீப்பர் கட்டை பச்சை மரமாக இருந்தால் காயும்போது முறுக்கிக்கொள்ளும்; படத்தின் ஒரு மூலை சுவரைவிட்டு எழும்பி நிற்கும். நன்றாகக் காய்ந்த சில்வர் ஓக் போதுமானது. மூலைகளை 45 டிகிரியில் அறுத்து, இரண்டடிக்கு மேல் போனால் நடுவில் ஒரு குறுக்குக் கட்டையும் போடச் சொல்லுங்கள். இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கட்டையின் முன்பக்கத்தை உள்நோக்கிச் சரிவாக இழைத்துத் தரச் சொல்ல வேண்டும். ஆசாரி “எதற்குங்க?” என்று கேட்பார். தட்டைக் கட்டையில் துணி ஒட்டிக் கிடந்தால், தூரிகை அழுத்தும் இடத்தில் உள்விளிம்பு ஒரு கோடாகப் படத்தில் பதிந்துவிடும். கண்காட்சிகளில்கூட இந்தக் கோட்டைப் பார்த்திருக்கிறேன்.

அடிப்பதற்கு ஸ்டேப்ளர் கன். முதலில் நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வொன்று; பிறகு எதிரெதிராக இழுத்தபடி மூலையை நோக்கிப் போக வேண்டும். சுண்டினால் தம்மென்று ஒலித்தால் சரி. அதன்மேல், பெயின்ட் பிடிக்க அடியில் பூசும் வெள்ளைப் பூச்சான ஜெஸ்ஸோ இரண்டு மூன்று முறை, இடையிடையே உப்புத்தாள். செலவை மிச்சப்படுத்தச் சுவர் பிரைமரைப் பூசுகிறவர்கள் உண்டு. துணி மடியும் விளிம்பில் அது வெடிக்கிறது. படத்தில் மேடு பள்ளம் வர வெள்ளை சிமென்ட் பட்டியைத் தடவும் வழக்கத்துக்கும் இதே கதிதான். சுவர் அசையாது, துணி அசையும். மேடு பள்ளத்துக்கென்றே உள்ள அக்ரிலிக் மாடலிங் பேஸ்ட் விலை கூடுதல்தான், ஆனால் வளைந்துகொடுக்கும்.

என்ன வரைவது என்று திகைப்பவர்களுக்குப் பவானி ஜமக்காளத்தின் பட்டைகளைச் சிபாரிசு செய்வேன். கோடுகள் நேராக வர மாஸ்கிங் டேப் ஒட்டுவது எல்லோருக்கும் தெரியும். டேப்பின் ஓரத்தில் முதலில் அடிநிறத்தையே ஒருமுறை பூசிக் காயவிடுங்கள். கசிவதெல்லாம் அந்த நிறத்திலேயே கசிந்து இடுக்கை அடைத்துவிடும். பிறகு சிவப்போ பச்சையோ பூசி டேப்பை உரித்தால், விளிம்பு கத்தியால் கீறியதுபோல் நிற்கும். சித்திரை வெயிலில் அக்ரிலிக் பெயின்ட் தட்டிலேயே உலர்ந்துவிடும் என்பதால் தண்ணீர் ஸ்பிரே பக்கத்தில் இருக்கட்டும்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வரும் மாதங்களில் துணி லேசாகத் தளர்கிறது. பின்பக்கம் தண்ணீரை மெல்லத் தெளித்து உலரவிட்டால் மறுபடி இழுத்துக்கொள்கிறது. கோடையில் வேறு தொல்லை. சூட்டில் அக்ரிலிக் இளகும், தூசி ஒட்டும். படங்களை முகத்தோடு முகம் வைத்து அடுக்கினால் பிரிக்கவே முடியாது. பின்னால் வேண்டும்போது கரைத்து நீக்கக்கூடிய வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தவை ஈரத்துணியில் துடைத்ததும் தெளிந்துவிடுகின்றன. மேற்கு வெயில் நேராக விழும் சுவரில் இருந்த ரோஸ் நிறம் மட்டும் வெளுத்துவிட்டது. பக்கத்திலேயே இருந்த காவியும் மஞ்சள் மண் நிறமும் அப்படியே இருக்கின்றன.

ஒரு அடிக்குக் கீழான அளவென்றால் நான் இப்போதும் கடையில்தான் வாங்குகிறேன். ஆசாரி கூலி, துணி, ஜெஸ்ஸோ எல்லாம் சேர்த்தால் சின்ன அளவில் மிச்சம் ஒன்றுமில்லை. இரண்டடியைத் தாண்டினால்தான் கணக்கு நம் பக்கம் சாய்கிறது. அதுவும் ஒரே அளவில் நாலைந்து சட்டங்களைச் சேர்த்து அறுக்கக் கொடுத்தால்.