கூட்டத்து வரலாற்று நாள்: பத்திரமா, பெரியவர்களா, டிஎன்ஏவா?

இந்த மாசியில் எங்கள் கூட்டத்துப் பங்காளிகள் (ஒரே குலத்தார்) எல்லாம் எங்கள் காணியாச்சிக் கோயிலில், அதாவது குலதெய்வக் கோயிலில் கூடும்போது, சாமி கும்பிட்டுச் சாப்பிட்டுக் கலைந்து போகாமல் ஒரு பகல் முழுக்கக் குடும்ப வரலாற்றுக்கு ஒதுக்குவது என்று முடிவாகியிருக்கிறது. அதில் எதை நடத்துவது என்பதில்தான் பேச்சு நீள்கிறது. பெங்களூரில் இருக்கும் பங்காளிப் பையன் ஒருவன், அமெரிக்காவில் நடக்கும் ரூட்ஸ்டெக் என்ற குடும்ப வரலாற்று மாநாட்டை ஆன்லைனில் பார்த்தாலே போதுமே என்கிறான்.

பார்க்கலாம், நல்லதுதான். சால்ட் லேக் சிட்டியில் 2011இல் தொடங்கிய மாநாடு அது. 2021இல் கொரோனாவால் முழுக்க ஆன்லைனுக்கு வந்தபோது இலவசமாகவே திறந்துவிட்டார்கள், இன்றைக்கும் நிறைய வகுப்புகளைக் காசில்லாமல் பார்க்கலாம். பழைய போட்டோவைக் காப்பது, பெரியவர்களிடம் கேள்வி கேட்பது போன்றவை யாருக்கும் உதவும். ஆனால் அங்கே தேடல் பெரும்பாலும் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு போகிறது. நமக்கு இருப்பது இனிஷியல், ஒரு தலைமுறையோடு மாறிவிடும். போதாததற்கு அப்பாரு பெயரையே பேரனுக்கு வைக்கிறோம், எங்கள் வீட்டில் ராமசாமி, பழனிச்சாமி, மறுபடி ராமசாமி. யார் எந்த ராமசாமி என்று அமெரிக்காவில் ஒருவரும் சொல்ல முடியாது.

அதைச் சொல்வது பத்திரம். அதனால்தான் பத்திரம் வாசிக்கும் வகுப்பை நான் பலமாக ஆதரிக்கிறேன். எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் ஒரு கிரயப் பத்திரம் இருக்கிறது, "கோயமுத்தூர் ஜில்லா தாராபுரம் தாலூகா" என்று தொடங்கும், தேதி ஆனந்த வருஷம் கார்த்திகை. தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை அதே பெயரில் திரும்பி வரும், ஆகவே அது 1914ஆகவும் இருக்கலாம், 1974ஆகவும் இருக்கலாம். முத்திரைத்தாளில் ராஜா தலை இருப்பதால் 1914. இப்படிக் கணக்குப் போடவும் க, உ, ங என்ற எண்களை வாசிக்கவும் அரைநாளில் பழகிவிடலாம். இன்னொன்று, செக்குபந்தியை, அதாவது நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதியை, தள்ளிவிட்டுப் படிக்கக் கூடாது. வடக்கே இன்னார் காடு, கிழக்கே இன்னார் தோட்டம் என்று வருகிறதே, அந்த இன்னார் பாதிப்பேர் பாகம் பிரிந்த பங்காளிகளாகவே இருப்பார்கள். வம்சமில்லாமல் போன ஒரு பெரியப்பாரை நாங்கள் அப்படித்தான் கண்டுபிடித்தோம், வடக்கு எல்லையில் பெயராக இருந்தார்.

சரி, பத்திரத்தில் இல்லாதது என்ன? பெண்கள். 1989இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தும் வரை பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமைப் பங்கே கிடையாது, ஆகவே எங்கள் பெட்டிப் பத்திரங்களில் மகன், மகன், மகன்தான். போன வருஷம் தொண்ணூறு தாண்டிய ஓர் ஆத்தாவிடம், மாமனார் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டேன், "அதெல்லாம் நெனப்பு இல்ல சாமி" என்றுவிட்டார். அப்புறம் கேள்வியை மாற்றி, உங்கள் கல்யாணத்தில் இணைச்சீர் யார் செய்தாங்க ஆத்தா என்றேன். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் செய்யும் சீர் அது. உடனே வந்தது: "பெரியவதான். கொடுவாய்க்குக் கட்டிக்குடுத்தது. ரெண்டாவது பிரசவத்துல போயிட்டா." சொல்லிவிட்டு முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்பாருவுக்கு ஓர் அக்கா இருந்தார் என்பதே அந்த நிமிஷம் வரை எங்கள் யாருக்கும் தெரியாது. அவர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

டிஎன்ஏ பற்றி இளைஞர்களுக்கு ஆசை அதிகம். ஒய் குரோமோசோம் அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது, ஆகவே இரண்டு வீடுகள் ஒரே ஆண் வழியா என்று சோதிக்க அது உண்மையிலேயே பயன்படும். சொந்தம் எவ்வளவு நெருக்கம் என்று பார்க்கும் மற்றச் சோதனை நமக்குக் குழப்பம்: தலைமுறை தலைமுறையாக மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டிய இடத்தில் தூரத்துச் சொந்தமும் நெருங்கிய சொந்தம் போலக் காட்டும், சோதனை செய்யும் கம்பெனிகளின் பட்டியலில் நம் ஆட்களும் குறைவு. முடிவு எப்படி வந்தாலும் தாங்கிக்கொள்ள வீட்டார் தயாரா என்பது தனிப் பேச்சு. கோயில் வாசலில் யாரையும் குழாயில் எச்சில் துப்பச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்பதில் நான் உறுதி.

ஆகவே என் ஓட்டு காலை முழுக்கப் பெரியவர்களுக்கு. பத்திரம் இன்னும் பத்து வருஷம் பெட்டியில் கிடக்கும், அது தொலைந்தாலும் பதிவு அலுவலகத்தில் நகல் கேட்டுப் பார்க்கலாம். கொடுவாய்க்குக் கட்டிக்கொடுத்த அந்த அக்காவை நினைவு வைத்திருப்பது ஒரே ஓர் ஆத்தாதான். சாப்பாட்டுக்கு அப்புறம் அவர்கள் அசந்துவிடுவார்கள், பத்து மணிக்கே வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட வேண்டும், அவர்கள் பேசி முடிக்கும் வரை மைக்செட் பாட்டை நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறேன். மத்தியானம் பத்திர வகுப்பு. கொண்டு வருகிறவர்கள் தயவுசெய்து லேமினேஷன் போட்டுவிடாதீர்கள், மடிப்போடு அப்படியே துணியில் சுற்றிக் கொண்டு வாருங்கள்.