பழைய செஸ்னா 182 வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: விற்பவரின் மெக்கானிக்கை நம்பி நான் ஏமாந்த கதை

அமெரிக்காவில் சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருக்கிற, அல்லது வாங்கும் யோசனையில் இருக்கிற நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வாங்கிய 1964 மாடல் செஸ்னா 182 பற்றியது. விற்றவர் யார், எந்த ஊர் என்று சொல்லவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும்.

முன்பு எங்களிடம் 150 குதிரைத்திறன் செஸ்னா 172 இருந்தது. நானும் மனைவியும் மட்டும் போய்வந்த காலத்தில் அது தங்கமான விமானம். பிள்ளைகள் வளர்ந்ததும் திணற ஆரம்பித்தது. நாங்கள் இருப்பது டென்வர் பக்கம். சென்டெனியல் விமான நிலையத்தின் தரையே கடல் மட்டத்திலிருந்து 5,885 அடி. ஜூலை மதியம் 30 டிகிரி வெயில் அடித்தால் காற்று அவ்வளவு லேசாகிவிடும். 9,000 அடிக்கு மேல் இருப்பதுபோல்தான் இன்ஜினும் இறக்கையும் வேலை செய்யும். ஒருநாள் நான்கு பேரோடு கிளம்பினோம். ஓடுபாதையைத் தாண்டிய பிறகும் நிமிடத்துக்கு 200 அடிகூட ஏறவில்லை. மனைவி என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. திரும்பி வந்து இறங்கியதும் பெரிய இன்ஜின் விமானம் வாங்குவது என்று முடிவு செய்தோம்.

182 என்றால் ஆறு சிலிண்டர் கான்டினென்டல் இன்ஜின், 230 குதிரைத்திறன். 200-க்கு மேல் போனால் பயிற்றுநரிடம் தனியாகப் பயிற்சி எடுத்து விமானியின் லாக்புக்கில் (பறந்ததைக் குறிக்கும் பதிவேடு) கையெழுத்து வாங்க வேண்டும்; அதை முன்கூட்டியே முடித்துவிட்டேன். விமானம் பழையது என்பதில் எனக்குப் பயமே இல்லை, இப்போதும் இல்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அறுபது வருட விமானம் இன்னும் பல வருடம் பறக்கும்.

இரண்டு மாநிலம் தள்ளி ஒன்று விலைக்கு வந்தது. 74,000 டாலர். புதுப் பெயின்ட், சுத்தமான சீட், விபத்தே நடந்ததில்லை என்று விளம்பரம். விற்றவர் ஓய்வுபெற்றவர், பேச்சில் அவ்வளவு இனிமை. வருடாந்திரச் சோதனை மூன்று வாரம் முன்புதான் முடிந்திருந்தது. செய்தவர் அதே ஊர் மெக்கானிக். வாங்குவதற்கு முந்தைய சோதனையையும் அவரிடமே கேட்டேன். "இப்போதுதானே எல்லாவற்றையும் திறந்து பார்த்து மூடினேன், எதற்கு இன்னொரு தடவை பணம் செலவழிக்கிறீர்கள்?" என்றார். அது எனக்கு நியாயமாகப் பட்டது. 300 டாலர் வாங்கிக்கொண்டு, சிலிண்டர் அழுத்தம் பார்த்து, ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்.

எங்கள் விமான நிலையத்தில் ஒரு மெக்கானிக் இருக்கிறார், முப்பது வருடமாக 182 பார்ப்பவர். "டிக்கெட்டும் 800 டாலரும் கொடு, நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லியிருந்தார். வேண்டாம் என்று சொன்னவன் நான்.

ஏழு மாதம் பறந்தோம். அப்புறம் தரையிறங்கி ஓடும்போது விமானத்தின் முன்னால் இருக்கும் மூக்குச் சக்கரம் கடகடவென்று ஆட ஆரம்பித்தது. சின்ன விஷயமாக இருக்கும் என்று நம் மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் கீழ்ப்பக்க மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, விரலை ஒரு இடத்தில் வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார்.

இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகட்டை ஃபயர்வால் என்பார்கள். 182-இல் மூக்குச் சக்கரத்தின் கால் அதன் கீழ்ப்பகுதியில்தான் மாட்டியிருக்கிறது. அந்தப் பெரிய இன்ஜினின் பாரம் முழுக்க முன்னால். முன் சீட்டில் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து இறங்கினால் மூக்கு இன்னும் கனமாகிவிடும். விமானி கைப்பிடியைப் போதுமான அளவு பின்னால் இழுக்காவிட்டால் மூக்குச் சக்கரம் முதலில் தரையில் மோதும். அந்த அடி நேராக ஃபயர்வாலுக்குப் போய்த் தகடு மடங்கிவிடும். 182 தெரிந்த மெக்கானிக் எவரும் முதலில் பார்க்கும் இடமே இதுதான். எங்கள் விமானத்தில் இடது கீழ் மூலை கசக்கிய காகிதம்போல் இருந்தது. அதன்மேல் ஒரு அலுமினியத் துண்டை வைத்து, ஹார்டுவேர் கடை ரிவெட் அடித்து, பசை தடவி, பெயின்ட் பூசியிருந்தார்கள். பெயின்ட் புதிது. சோதனைக்காகத் திறந்து பார்த்தவர் கண்ணில் இது படாமல் இருக்க வழியே இல்லை.

அன்று இரவு விமானத்தின் பராமரிப்பு லாக்புக்கை எடுத்து உட்கார்ந்தேன். 1991-இல் ஒரு வரி: புரொப்பல்லர் மாற்றப்பட்டது. காரணம் இல்லை. அடுத்த வரி: மூக்குச் சக்கர ஃபோர்க் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) மாற்றப்பட்டது. வாங்கும்போது இந்த இரண்டு வரியையும் நான் படித்திருந்தேன். தனித்தனியாகப் படித்தால் சாதாரணப் பராமரிப்பு. சேர்த்துப் படித்தால் மூக்கு தரையில் மோதியிருக்கிறது. இந்த மாதிரிப் பெரிய ரிப்பேர் செய்தால் 337 என்ற படிவத்தை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.-வுக்கு அனுப்ப வேண்டும். அவை ஓக்லஹோமா சிட்டியில் அந்தந்த விமானத்தின் கோப்பில் இருக்கும். சிறு கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் கோப்பு முழுவதையும் வாங்கலாம். நான் வாங்கினேன், காலம் கடந்து. ஃபயர்வால் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

அதன் பிறகு மற்றதும் வெளியே வந்தது. இந்த வயது 182-களில் பெட்ரோல் நிற்பது இறக்கைக்குள் இருக்கும் ரப்பர் பையில். பை சுருங்கினால் மடிப்பில் தண்ணீர் தேங்கும். பறப்பதற்கு முன் கீழே வடித்துப் பார்த்தாலும் வராது, மூக்கு மேலே போகும்போது இன்ஜினுக்குப் போகும். இதற்காகவே எஃப்.ஏ.ஏ. 1984-இல் கட்டாய உத்தரவு போட்டது. எங்கள் லாக்புக்கில் உத்தரவு நிறைவேற்றப்பட்டது என்று கையெழுத்து இருக்கிறது. வலது பையில் மூன்று மடிப்பு.

எடையையும் பார்த்தோம். காகிதத்தில் வெற்று எடை 1,698 பவுண்டு. தராசில் ஏற்றினால் 1,769. பல வருடமாக யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை, ரேடியோ மாற்றும்போதெல்லாம் கூட்டிக் கழித்தே எழுதியிருக்கிறார்கள். 71 பவுண்டு வித்தியாசம். என் மகளின் எடை 68. மலைக்கு நடுவே நான் போட்ட ஒவ்வொரு கணக்கிலும் இன்னொரு குழந்தை கணக்கில் வராமல் உட்கார்ந்திருந்திருக்கிறது.

பணம் போனதைவிட எனக்கு ஆறாதது இதுதான். அந்த மூக்கோடும் அந்த டேங்கோடும் பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைத்து ஏழு மாதம் பறந்திருக்கிறேன். விற்றவருக்குத் தெரியும், யாருக்காக வாங்குகிறோம் என்று. பிள்ளைகளின் படத்தைக் காட்டியபோது பார்த்துச் சிரித்தவர் அவர்.

போன் செய்தேன். இருக்கிற நிலையிலேயே வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்றார். ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறது. மெக்கானிக் போனையே எடுக்கவில்லை. வக்கீலிடம் கேட்டேன், வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று நிரூபித்தால் வழக்குப் போடலாம், ஆனால் செலவு ரிப்பேர் செலவைத் தாண்டும் என்றார். வாங்குவதற்கு முந்தைய சோதனை எப்படி இருக்க வேண்டும் என்று எஃப்.ஏ.ஏ. விதிகளில் எங்கும் இல்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று நாம் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. அந்த 300 டாலர் சீட்டில் ஃபயர்வால் என்ற சொல்லே கிடையாது.

இப்போது இன்ஜினைக் கழற்றி ஸ்டாண்டில் வைத்திருக்கிறோம். புது ஃபயர்வால், இரண்டு டேங்க் பை, கூலி எல்லாம் சேர்த்து இதுவரை 23,000 டாலர். வேலை முடிய இன்னும் இரண்டு மாதமாவது ஆகும்.

யாராவது 182-க்கு விலை பேசிக்கொண்டிருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் லாக்புக் பக்கங்களையும், கீழ் மூடியைக் கழற்றிவிட்டு எடுத்த ஃபயர்வால் மூலைகளின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். நானும் எங்கள் மெக்கானிக்கும் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறோம். காசு வேண்டாம். மூடியைக் கழற்ற முடியாது என்று விற்பவர் சொன்னால், அதையும் எழுதுங்கள்.