வைரக்கல்லுக்கு விலை: வட்ஸ்அப் படமா, கஸ்தூரியார் வீதியா, கொழும்பா?

அம்மம்மாவின் ஒரு தோட்டிலிருந்து கழன்று விழுந்த கல், இரண்டு வருடமாக மருந்துக் குப்பி ஒன்றுக்குள் பஞ்சோடு கிடந்தது. போன மாதம் ரொறன்ரோவிலிருந்து மச்சாள் போன் எடுத்தாள். "அத்தான், ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. இங்க ஒராள் பாத்து விலை சொல்லுவார்." கல்லில் அவளுக்கும் பங்கு உண்டு, மறுக்க முடியாது.

சரி என்று மகளின் வரைபுத்தாளை யன்னலோரம் விரித்து, அதன் மேல் கல்லை வைத்துப் படம் எடுத்தேன். கட்டங்களை எண்ணினால் விட்டம் 6.4 மில்லிமீற்றர். பதில் அன்றிரவே வந்தது: "கிட்டத்தட்ட 0.96 கரட்." அந்த மனிதர் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. வட்டக் கல்லுக்கு விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, உயரத்தால் பெருக்கி, 0.0061ஆல் பெருக்கினால் கரட் நிறை ஏறக்குறைய வந்துவிடும். சிக்கல் உயரத்தில்தான். மேலிருந்து எடுத்த படத்தில் உயரம் ஏது? இந்தக் காலத்துக் கற்களுக்கு விட்டத்தில் அறுபது வீதம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறார்.

ஆனால் இது பழைய வெட்டு. நடுவில் ஒரு சின்ன வட்டம் தெரிகிறது. கல்லின் அடிமுனையைக் கூராக விடாமல் தட்டையாக வெட்டியதன் அடையாளம் அது. இப்படியான கற்கள் பெரும்பாலும் அடி ஆழமானவை. அந்த வட்டம் படத்திலேயே தெரிந்தது, அவர்தான் கவனிக்கவில்லை.

படத்தை முழுதாகக் குறை சொல்லவும் மாட்டேன். நம் நாட்டில் 'மாத்தறை வைரம்' என்று ஒன்று உண்டு. பெயர்தான் வைரம், உண்மையில் நிறமற்ற சேர்கோன் கல். அது ஒளியை இரண்டாகப் பிரிக்கும், அதனால் உள்ளே பார்த்தால் பின்பக்கப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டைக் கோடாகத் தெரியும். வைரம் போலவே மின்னும் செயற்கைக் கல்லான மொய்சனைட்டும் அப்படித்தான், ஆனால் நேர் மேலிருந்து எடுத்தால் அது ஏமாற்றிவிடும். கல்லைச் சற்றுச் சரித்து, பூதக்கண்ணாடியை கமராவுக்கு முன்னால் பிடித்து எடுக்க வேண்டும். எனக்குப் பத்துப் படத்தில் ஒன்றுதான் உருப்படியாக வந்தது. அதில் கோடுகள் ஒற்றையாகத்தான் இருந்தன. கண்ணாடியும் கியூபிக் சேர்கோனியாவும் (பெயர் ஒத்தாலும் இது சேர்கோன் இல்லை, வைரத்துக்குப் பதிலாகச் செய்யும் செயற்கைக் கல்) ஒற்றைக் கோடுதான் காட்டும் என்பதால் சந்தேகம் அதோடு தீரவில்லை.

நிறத்துக்குப் படத்தை நம்பவே வேண்டாம். அமெரிக்க இரத்தினக்கல் நிறுவனமான ஜி.ஐ.ஏ.யின் முறையில் D (நிறமே இல்லை) முதல் Z (மஞ்சள் தெரியும்) வரை தரம் பிரிக்கும்போது கல்லைக் கவிழ்த்து வைத்து, ஒப்பீட்டுக் கற்களுக்குப் பக்கத்தில் பார்ப்பார்கள். எங்கள் வீட்டு மஞ்சள் சுவருக்குப் பக்கத்தில் எந்தக் கல்லும் இரண்டு மூன்று எழுத்து இறங்கிவிடும். போன் கமரா தன் பங்குக்கு வெள்ளையைத் தானே திருத்தியும் வைக்கும்.

இனி யாழ்ப்பாணத்து நகைக்கடைத் தெருவான கஸ்தூரியார் வீதி. நான் போன கடையில் முதலில் தங்கம் நிறுக்கும் தராசையே நீட்டினார்கள். அது கிராமில் இரண்டு தசமம் வரைதான் காட்டும். 0.01 கிராம் என்றால் 0.05 கரட், வைரத்துக்கு அது பெரிய ஓட்டை. கரட் தராசு இருக்கிறதா என்று கேட்ட பிறகு உள்ளேயிருந்து கொண்டு வந்தார்கள். 1.07. உயரத்தைக் கவைக்கருவியால் அளந்தால் 4.3 மில்லிமீற்றர். அதே சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன், ஒத்து வந்தது.

0.96க்கும் 1.07க்கும் இடையில் இருப்பது வெறும் 0.11 கரட் இல்லை. ஒரு கரட்டைத் தாண்டினால் ஒவ்வொரு கரட்டுக்குமான விலையே ஒரு படி ஏறிவிடும். படத்தை நம்பி விற்றிருந்தால் அந்தப் படி வாங்குபவரின் பைக்குள் போயிருக்கும்.

கடையில் வெப்பம் கடத்துகிறதா என்று பார்க்கும் பேனாவையும் வைத்துப் பார்த்தார்கள். கண்ணாடி, சேர்கோன், கியூபிக் சேர்கோனியா எல்லாம் அதில் பிடிபடும். மொய்சனைட் தப்பிவிடும், ஆய்வுகூடத்தில் வளர்த்த வைரமும் தப்பிவிடும், அதுவும் வைரம்தானே. இங்கே எனக்குக் கைகொடுத்தது இன்னொரு படம்: 1958இல் எடுத்த அம்மம்மாவின் கலியாணப் படம். அதே தோடு, அதே கல். கியூபிக் சேர்கோனியா நகைக்கடைகளுக்கு வந்தது 1976இல், மொய்சனைட் 1998இல். இடையில் எந்தப் பத்தரும் கல்லை மாற்றவில்லை என்றால் (மாற்றினார் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை) கேள்வி அங்கேயே முடிந்தது.

கடைக்காரர் சொன்ன விலையை இங்கே எழுதவில்லை. அது அவர் வாங்கும் விலை. அதே கல்லைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கும்போது வேறு விலை, காப்புறுதிக்கு எழுதினால் இன்னொரு விலை. "என்ன விலை போகும்?" என்று கேட்பவர்கள் இதில் எதைக் கேட்கிறோம் என்று முதலில் முடிவெடுக்க வேண்டும். கல்லைக் கண்ணுக்கு மறைவாக உள்ளே கொண்டுபோக விடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் பரிசோதனைக்கூடம் இருக்கிறது. விற்பதென்று முடிவானால் இரவு பஸ் ஏறிப் போய்ச் சான்றுக் கடதாசி வாங்கி வருவேன், பேரம் பேச அதுதான் பலம். வீட்டிலேயே வைத்திருக்கப்போகும் கல்லுக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. உங்கள் கல்லுக்கு ஏற்கெனவே ஜி.ஐ.ஏ. அறிக்கை இருந்தால் கதை வேறு. அறிக்கை இலக்கத்தை அவர்களின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம், பல கற்களின் விளிம்பில் அதே இலக்கம் லேசரால் பொறிக்கப்பட்டும் இருக்கும். அப்படியான கல்லுக்கு அந்த இலக்கத்தின் படம்தான் அனுப்ப வேண்டிய படம்.

மச்சாளுக்கு நான் கடைசியாக அனுப்பியது தராசின் படம், 1.07 என்ற எழுத்து துலக்கமாகத் தெரிய. "கல் எங்க, மங்கலா இருக்கு?" என்று பதில் வந்தது.